கேன்டீன் ஜெயித்த ஞாயிறு

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஏதாவது தனியாகப் பேசவேண்டியிருந்தால் என்னைக் கொத்தமல்லி வாங்க அனுப்பிவிடுவார்கள். இந்த சூட்சுமம் எனக்கு வெகுநாள் தெரியாது. வீட்டில் ஒரு கட்டு வாடாமல் இருக்கும்போதே இன்னொரு கட்டு எதற்கு என்று குழம்பியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டு முறை போய்வந்தேன். இரண்டாவது முறை, மேட்டகள்ளி முனையில் காய்கறி விற்கும் அம்மாள் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். நாளைக்குக் கடைசி மேட்ச், எங்கம்மா ஆடுகிறாள் என்றேன். என்ன புரிந்துகொண்டாளோ, கொசுறாக இரண்டு பச்சை மிளகாய் போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மேட்ச் என்றால் கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். மைசூரில் ஏது பேஸ்பால் என்று இதுவரை கேட்காதவர்கள் இல்லை. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரே ஒரு தொழிற்சாலையின் பின்புறம், ஒரே ஒரு வருஷம் அது நடந்தது. வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்கிற தொழிற்சாலை. தாய்க் கம்பெனி அமெரிக்காவில். அங்கிருந்து ஒரு வருஷ வேலையாக வந்த வெள்ளைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகவில்லை. பெட்டி நிறையக் கையுறையும் மட்டையும் தருவித்து, பிரிவுக்கு ஒரு டீம் என்று போட்டியை ஆரம்பித்துவிட்டார். ஆபீஸ், ஸ்டோர்ஸ், அசெம்பிளி என்று ஐந்து டீம் சேர்ந்தது. ஐந்து என்றால் வாராவாரம் ஒரு டீம் சும்மா உட்கார வேண்டும். அதனால் ஆறாவதாக கேன்டீனையும் சேர்த்துக்கொண்டார்கள். பந்தியில் ஒரு இலை காலியாக இருக்கிறதே என்று கார் டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுபோலத்தான்.

அம்மா அந்த கேன்டீனில் ராகிக் களி கிண்டுகிறவள். கன்னடத்தில் முத்தே என்பார்கள். மத்தியானம் முந்நூறு பேருக்கு உருண்டை வேண்டும். இடுப்புயரப் பாத்திரத்தை இரண்டு பேர் சாக்குத்துணி போட்டுப் பிடித்துக்கொள்ள, அம்மா கால்களை அகட்டி நின்று, என் உயரம் இருந்த ஒரு மரக்கோலால் கட்டி தட்டாமல் கிண்டுவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் தோளிலிருந்து இடுப்புவரை மொத்த உடம்பும் திரும்பும். அந்தக் கையில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் மேட்ச் ஆபீஸ் டீமோடு. பந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி அடுத்த கம்பெனிக்குள் போய் விழுந்தது. அதை மீட்டுவர கேட் பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

டீமுக்குக் கேப்டன் சித்தப்பா. அப்பாவின் தம்பி; கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றிவரும் ஆட்டோ அவருடையது. அம்மாவுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். போனில் வீடியோ பார்த்து விதிமுறைகளைக் கற்றுக்கொண்டு வந்து, அதில் பாதியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மீதிப் பாதி அவருக்கே தெரியாது.

எனக்கு அந்த ஆட்டம் கடைசிவரை பிடிபடவில்லை. நான் தெருவில் ஆடிய கிரிக்கெட்டில் பந்தை விட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இங்கே மூன்று முறை விட்டால் அவுட். அங்கே மட்டையில் பட்டுப் பின்னால் போனால் நாலு ரன். இங்கே அது செல்லாது. அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஸ்டோர்ஸில் ஒருவர் போட்டி முடியும்வரை இதை மறந்து, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ஓடினார். பேஸ் என்று மூன்று மூலைகள். அவற்றில் நின்று நின்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். கிளம்பின இடத்துக்கே வருவதற்கு எதற்காக இவ்வளவு ஓட வேண்டும் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"அதுதான் கண்ணு கேமு" என்றார்.

கடைசி ஞாயிறு நெருங்கும்போது ஆபீஸும் கேன்டீனும் முதலிடத்தில் சமமாக நின்றன. மற்ற நான்கும் எங்கோ பின்னால். கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும்தான், ஜெயித்தவருக்குக் கோப்பை.

இனி, நான் கொத்தமல்லி வாங்கப் போயிருந்தபோது வீட்டில் பேசப்பட்டது. இது எனக்குத் தெரியவந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து, சித்தப்பா வாயிலிருந்து. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் குழம்பியதுபோல நீங்களும் எதற்குக் குழம்ப வேண்டும்?

கேன்டீனை எடுத்து நடத்தியது ஒரு காண்டிராக்டர். அடுத்த மாதம் அவருடைய காண்டிராக்ட் முடிகிறது. அதைப் புதுப்பிப்பது தொழிற்சாலை மேனேஜரான பெரிய சார் கையில். ஆபீஸ் டீமுக்குப் பந்து வீசுகிறவரும் அதே பெரிய சார்தான். அம்மா காம்பவுண்டுக்கு வெளியே அனுப்பியது அவர் வீசிய பந்தை. மறுநாள் மத்தியானம் அவர் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். காண்டிராக்டர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டு நடுங்கிப்போனார். அன்றிலிருந்து மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கி, கடைசி மேட்சுக்கு முந்தின நாள் சித்தப்பாவைக் கூப்பிட்டு, கோப்பையை ஆபீஸுக்கே விட்டுவிடச் சொன்னார். டீமில் யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க அண்ணி பந்தை விட்டால் போதும், மற்றவர்கள் தானாகவே தோற்றுவிடுவார்கள். மீறி அடித்தால் திங்கட்கிழமையிலிருந்து அவர் வேலைக்கு வரவேண்டியதில்லை.

"அன்னைக்கு சாம்பார்ல உப்பு நெசமாவே ஜாஸ்திதான்" என்றார் சித்தப்பா, இதைச் சொல்லும்போது. "அதை யாருகிட்டப் போயிச் சொல்றது."

கேன்டீன் வேலையில் அம்மா மூன்றரைக்குக் கிளம்பினால் நடந்தே நாலு மணிக்கு வீடு வந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவு திறந்திருக்கும். வேறு வேலை என்றால் நஞ்சன்கூடு பக்கம்தான். விடியுமுன் ஒரு பஸ், இருட்டிய பிறகு ஒரு பஸ். அப்பாவுக்குக் கட்டிடங்களில் பெயின்ட் அடிக்கும் வேலை. எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். அதனால் அம்மா யோசிக்கவே இல்லையாம். "ஒரு தகர டப்பாவுக்காவ எம்புள்ள பூட்டுன வாசல்ல வந்து உக்காரணுமா" என்றாளாம். மூன்று பேருமாகத் தோற்பது என்று முடிவு செய்தார்கள். நான் கொத்தமல்லியோடு உள்ளே நுழைந்தேன்.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு சிநேகிதியையும் வலிய அழைத்துக்கொண்டு போனேன். எங்கம்மா அடித்தால் பந்து சாமுண்டி மலையில் போய் விழும் என்று ஒரு வாரமாக வகுப்பில் அளந்திருந்தேன். கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அம்மா மைதானத்தில் இறங்கினாள்.

முதல் தடவை மூன்று பந்தையும் விட்டாள். இரண்டாவது தடவையும் அதே. பந்து போய்ப் பின்னால் இருப்பவரின் கையுறைக்குள் விழுந்தபிறகு, ஒரு மரியாதைக்காக மட்டையைச் சுற்றினாள். என்னால் நம்ப முடியவில்லை. போன வாரம் மொட்டைமாடியில் சித்தப்பா போட்ட பந்தை அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் அடித்தவள் அவள். களிப் பாத்திரத்தின் முன் காலை அகட்டி நிற்பவள், இங்கே கோயில் வரிசையில் நிற்பதுபோலக் காலைச் சேர்த்துவைத்து நின்றாள். உடம்பு சரியில்லையோ என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது. வழக்கமாக மைதானம் அதிரக் கத்துகிற சித்தப்பா வானத்தில் மேகம் பார்த்தார். காண்டிராக்டர் மட்டும் அம்மா ஒவ்வொரு பந்தை விடும்போதும் 'அடடா' என்று தொடையில் தட்டிக்கொண்டார். எங்கள் டீமுக்காக உண்மையாகக் கவலைப்படும் ஒரே மனிதர் அவர்தான் என்று நினைத்தேன். அவரைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது.

மொத்தம் ஏழு இன்னிங்ஸ். ஏழாவதில் நாங்கள் அடிக்க வரும்போது ஆபீஸ் ஏழு, கேன்டீன் நாலு. வந்த வேகத்தில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி. ஓரத்தில் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஒன்றுமே புரியாத காரியங்கள் வரிசையாக நடந்தன. பாத்திரம் கழுவும் அக்கா பயத்தில் மட்டையை அசைக்கவே இல்லை. பெரிய சார் நாலு பந்தை எட்டாத இடத்தில் வீசியதால், ஒன்றுமே செய்யாத அவளை முதல் பேஸுக்கு நடந்துபோகச் சொன்னார்கள். அடுத்து சப்பாத்தி போடும் அண்ணன். அவர் அடித்த பந்து தரையோடு உருண்டு அக்கவுன்ட்ஸ்காரரிடம் போனது. அவர் குனிந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தது போனை. மூன்றாவதாக வந்த டீ மாஸ்டருக்குப் பந்து முழங்கையில் பட்டது. எங்கள் ஆட்கள் சண்டைக்கே கிளம்பிவிட்டார்கள். அம்பயராக நின்ற வெள்ளைக்காரரோ டீ மாஸ்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முதல் பேஸில் நிறுத்தி முதுகில் தட்டிக்கொடுத்தார். அடிபட்டதற்குப் பரிசு கொடுக்கும் விளையாட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எப்படியோ மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். நாலு பேரும் சுற்றி வந்துவிட்டால் ஜெயம் என்று யாரோ சொன்னார்கள். நாலாவது ஆள் அம்மா.

நாற்காலி மடக்கியவர்கள் மறுபடி பிரித்துப் போட்டார்கள். டீமில் விஷயம் தெரியாதவர்கள் எல்லோரும் அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அம்மா முதல் பந்தை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். சிநேகிதி என் காதில் மெதுவாக, "நிம்மம்மங்கெ பரல்லா கணே" என்றாள். உங்கம்மாவுக்கு வராது என்று. கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னாள்.

கோபம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் வரும். சண்டை எல்லாம் பள்ளிக்கூடத்தில் போட்டுப் பழகியதுதான். கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எங்கம்மா வேண்டுமென்றே விடுகிறாள், வீட்டில் நன்றாக அடிப்பாள், இங்கே எல்லோரையும் ஏமாற்றுகிறாள் என்று. தமிழில் கத்தியிருந்தால் நாலு பேரோடு போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரிய சார் வீச எடுத்த கையை இறக்கினார். யாரோ வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, அவர் சிரிப்பு நின்றது. காண்டிராக்டர் குழந்தைதானே என்பதுபோல எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை. பெரிய சார் அம்மாவிடம், மகள் சொல்வது நிஜமா என்று கன்னடத்தில் கேட்டார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அது கோபப் பார்வை இல்லை. வேறு என்ன என்றும் எனக்குத் தெரியவில்லை. "கயித்துக்கு அந்தாண்ட போயி நில்லு கண்ணு, பந்து பட்டுரும்" என்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். காலை அகட்டினாள்.

பந்து உயரவெல்லாம் இல்லை. தரையை ஒட்டிப் பறந்து, இரண்டு ஆபீஸ்காரர்களுக்கு நடுவே புகுந்து, சரிவில் உருண்டு, வரிசையாக நிறுத்தியிருந்த கம்பெனி பஸ்களில் ஒன்றுக்கு அடியில் போய்விட்டது. துரத்திப்போனவர் இஸ்திரி போட்ட வெள்ளைப் பேன்ட்டோடு குனிந்து பார்த்தார். உள்ளே தரையெல்லாம் எண்ணெய். நிமிர்ந்தார். வருஷக்கணக்கான பழக்கம், "செக்யூரிட்டி" என்று குரல் கொடுத்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் தினமும் அம்மாவிடம் ஒரு உருண்டை கூடுதலாக வாங்கிச் சாப்பிடுகிறவர். அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். நடந்து வந்தார். வந்து, "யாவ பஸ் சார்" என்று கேட்டார், எந்த பஸ் என்று.

அதற்குள் பாத்திரம் கழுவும் அக்கா வந்து சேர்ந்துவிட்டாள். சப்பாத்தி அண்ணன் வந்தார். முழங்கையைப் பிடித்தபடி டீ மாஸ்டரும் வந்தார். ஏழுக்கு ஏழு. அம்மா மூன்றாவது பேஸில் நின்றுவிட்டாள். வாட்ச்மேன் இன்னும் பஸ்ஸுக்கடியில் கோலை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க, எல்லோரும் ஓடு ஓடு என்று கத்த, அவள் ஓடாமல் நின்றாள். அங்கேயே நின்றிருந்தால் ஆட்டம் சமத்தில் இருக்கும். அடுத்து அடிக்க வேண்டியவர் சித்தப்பா, அவர் அவுட்டாகிக் கொடுத்திருப்பார், கூடுதல் இன்னிங்ஸில் தோற்றுவிடலாம். அம்மா ஒரு தடவை காண்டிராக்டர் இருந்த பக்கம் பார்த்தாள். அப்புறம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடிவந்து கிளம்பின இடத்தை மிதித்தாள். வெள்ளைக்காரர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து என்னவோ சொன்னார். கேன்டீன் ஜெயித்துவிட்டது.

நான் சிநேகிதியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் காண்டிராக்டர். பெரிய சார் நேராக அம்மாவிடம் வந்து, கைகூப்பி, நாளைக்காவது சாம்பாரில் உப்பைக் குறை தாயே என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கோப்பையை வாங்கும்போதும், போட்டோ எடுக்கும்போதும், யாரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பதுபோல அதை எட்டவே பிடித்திருந்தாள்.

சித்தப்பாவின் ஆட்டோவில் காலி வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பினோம்.

"நாமதானம்மா ஜெயிச்சோம்" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. நாமதான்."

"அப்புறம் ஏன் எல்லாரும் உம்முனு வரீங்க?"

அப்பா முன்னால் சாய்ந்து சித்தப்பாவின் தோளைத் தட்டினார். மேட்டகள்ளி முனையில் ஆட்டோ நின்றது. "எறங்கி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்றார். வீட்டில் இரண்டு கட்டு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனேன்.

காண்டிராக்ட் அடுத்த மாதம் ஒரு சிக்கலும் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது. பெரிய சார் காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாராம். ஆனால் காண்டிராக்டர் சொன்ன சொல் தவறாதவர். அம்மா மட்டும் திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றாள். சித்தப்பாவின் ஆட்டோ தொடர்ந்து உள்ளே போய்வந்தது. அதில் அப்பாவுக்கு அவர்மேல் ஒரு வருத்தம், இரண்டு பொங்கல்வரை இருந்தது. பத்து நாளில் அம்மாவுக்கு நஞ்சன்கூடு பக்கம் வேலை கிடைத்தது.

விஷயம் தெரிந்த பிறகு ஒருநாள் அம்மாவையே கேட்டுவிட்டேன். நான் கத்தியதால்தான் அடித்தாயா என்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மூணாவது பந்து நல்லா இடுப்புக்கு வந்துச்சு. அதைப் போயி எப்படி வுடறது" என்றாள்.

நிஜமாகவே அப்படித்தானா, இல்லை என் மனசு நோகக்கூடாது என்று சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு முறை கேட்கவும் தைரியம் இல்லை.

அவள் நஞ்சன்கூடு போக ஆரம்பித்த முதல் நாள் காலையில் நான் எழுந்தபோது வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். ஒரு கறுப்புக் கயிற்றில் வீட்டுச் சாவியைக் கோத்து என் கழுத்தில் மாட்டினார். தொலைக்கக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றார். எனக்கோ ஒரே சந்தோஷம். கோப்பையை கேன்டீன் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டார்களே, எங்கள் வீட்டுக்கு என்று ஒன்றுமே வரவில்லையே என்று அதுவரை குறையாக இருந்தது. எங்கள் வகுப்பில் வேறு யார் கழுத்திலும் சாவி இல்லை. சீருடைக்கு வெளியே எல்லோருக்கும் தெரிகிறமாதிரி எடுத்துவிட்டுக்கொண்டேன். இடைவேளையில் சிநேகிதி அதைத் தொட்டுப் பார்த்து, இது ஏது என்று கேட்டாள். எங்கம்மா ஜெயித்ததற்கு எனக்குக் கொடுத்தார்கள் என்றேன். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினாள். நான் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.